சிவப்புக் கூடையில் விழுந்த சட்டை

பாலித்தீன் கவரைப் பிரித்துச் சட்டையை உதறிப் பார்த்த தினேஷின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. இஸ்திரி போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, நெஞ்சுக்கு நேராக சைஸ் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது.

"அக்கா, இதுல ரத்தம் இருந்துச்சே?"

"எந்த ரத்தம்?" என்றேன் நான்.

"நெஞ்சுல, தோள்ல, கையில... ரெண்டு நாள் உக்காந்து பண்ணின ரத்தம்க்கா! எங்க போச்சு?"

செக்கிங் டேபிளில் இருந்த செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாந்தான் எடுத்தேன் தம்பி. பாத்தியளா, ஒரு பொட்டு இல்ல."

தினேஷ் அப்படியே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

போன வாரம் நான் எழுதிய கரண்ட் கட் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் நிஜமாகவே இவ்வளவு கோபக்காரியா?" என்று கேட்டிருந்தார். ஆமாங்க. திருப்பூரில் இருபது மிஷினை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிற பனியன் கம்பெனிக்காரிக்குக் கோபம் வராமல் என்ன வரும்? அந்தக் கோபம் ஒருநாள் செய்து வைத்த காரியத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டால் கொஞ்சம் மனசு ஆறும் என்று ஒரு நப்பாசை.

இடைவேளைக்குள் ஆறு பேர்

காங்கேயம் தாண்டி ஒரு கிராமத்தில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் பெயரை எழுத மாட்டேன், போன் போட்டுக் கேட்காதீர்கள். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குப் பழைய மாதிரி கைவைத்த பனியன் நூறு தேவைப்பட்டது. அதற்காகத்தான் தினேஷ் எங்களிடம் வந்தான். சினிமாவில் காஸ்ட்யூம் அசிஸ்டென்ட். சோளக்கொல்லை பொம்மைக்குச் சட்டை மாட்டியதுபோல ஒல்லியான பையன்.

"என்ன கதைப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு குடும்பத்துப் பகைக்கா. இவங்க அவங்கள்ல ஒருத்தர வெட்டுவாங்க, அவங்க இவங்கள்ல ஒருத்தர வெட்டுவாங்க. இடைவேளைக்குள்ள ஆறு பேர் காலி."

"அப்புறம்?"

"அப்புறம்தான்க்கா கதையே ஆரம்பிக்குது."

எங்கள் சூப்பர்வைசர் பாலாவுக்கு வாயெல்லாம் பல். பாலா செல்வராணியின் மகன். இரண்டு வயதில் அம்மா இடுப்பில் வந்தவன், எங்கள் கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் தூங்கி வளர்ந்தவன். இப்போது முழங்கை மடித்த சட்டையும் காதில் போனுமாக என்னையே விரட்டுகிறான். வெட்டுக்குத்துப் படம் வந்தால் போதும், முதல் நாள் முதல் ஆட்டம் போய்விடுவான். திரையில் அரிவாள் மின்னினால் அவன் விசில் அவிநாசி வரைக்கும் கேட்கும்.

தினேஷ் அவனுக்கு ஒரு காட்சியை விவரித்துச் சொன்னான். படத்தில் ஓர் அம்மா. வெட்டுப்பட்ட புருஷனின் சட்டையைத் துவைக்காமல், ரத்தத்தோடு தகரப் பெட்டியில் இருபது வருஷம் பூட்டி வைத்திருக்கிறாள். மகன் ஆளாகி வந்ததும் அதை எடுத்து அவன் முன்னால் விரிக்கிறாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான்.

"செம சீனுங்க பெரியம்மா! புல்லரிக்குது பாருங்க" என்று பாலா என்னிடம் கையை நீட்டிக் காட்டினான்.

எனக்கும் புல்லரித்தது. ஆனால் காரணம் வேறு.

ரத்தக் கறை டாக்டர்

பனியன் கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். தைக்கிறவர்களின் விரலில் ஊசி இறங்காத நாளே கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைத் துணியில் பட்டால் அந்தப் பீஸ் செக்கிங்கில் சிவப்புக் கூடைக்குப் போகும். சிவப்புக் கூடையில் எது விழுந்தாலும் கேள்வியே கேட்கக் கூடாது, கறையை எடுத்து, இஸ்திரி போட்டு, கவரில் போட்டு அனுப்பிவிட வேண்டும். இது நானே போட்ட சட்டம். யாராவது மீறினால் நான் ஆடுகிற ஆட்டம் தனி.

செல்வராணி அந்தக் கூடைக்கு ராணி. அவள் வந்து சேர்ந்த புதிதில் மற்ற பெண்கள் ரத்தக் கறையை வெந்நீரில் முக்கிக் கெடுத்து வைத்திருப்பார்கள். "சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியோட ஒட்டிக்கிடும்க்கா. பச்சத் தண்ணி, கொஞ்சம் உப்பு. மெதுவாத் தட்டணும், தேய்க்கப்பிடாது" என்று அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். நான் அவளுக்கு ரத்தக் கறை டாக்டர் என்று பட்டமே கொடுத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் அவளை நான் படுத்தாத பாடு கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், யாருடையதோ பெரிய ஆம்பளைச் சட்டையை வெட்டிச் சின்னதாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "கம்பெனி நூலு உங்க அப்பன் ஊட்டு நூலா?" என்று கத்தினேன். "இந்தா முடிஞ்சிட்டுக்கா" என்றாள், தலையைத் தூக்காமல். இருபது வருஷம் கழித்து அந்த வார்த்தையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று அப்போது யார் கண்டது?

கொஞ்சம் பழகிய பிறகு ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். "ஏஞ் செல்வராணி, ரத்தத்த எடுக்க இத்தன வித்தை எங்க படிச்ச?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

திருநெல்வேலிக்கும் தெற்கே அவள் ஊர். வாய்க்கால் தண்ணீர் திருப்புவதில் இரண்டு குடும்பத்துக்குத் தகராறு. அவள் புருஷனுடைய சித்தப்பா அந்தப் பக்கத்தில் ஒருவரை வெட்டிவிட்டார். பழிக்குப் பழியாகச் சித்தப்பாவைத் தேடியவர்கள், அவர் கிடைக்காததால், வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்த இவள் புருஷனை வெட்டினார்கள். அந்த மனுஷன் யாரையும் அதட்டிக்கூடப் பேசியதில்லையாம்.

"எங்க அத்தை அந்தச் சட்டைய எடுத்துப் பெட்டில வச்சுப் பூட்டிட்டாவ. 'பேரன் வளரட்டும்'னாவ. எம்மவன் என் மடியில பால் குடிச்சிட்டு இருந்தான்க்கா. பதினாறாம் நாள் விடியறதுக்குள்ள பெட்டிய ஒடச்சிச் சட்டைய எடுத்து, கெணத்தடில தொவச்சேன். ஈரத்தோட பையில போட்டுப் பஸ் ஏறிட்டேன்."

"பையனுக்கு?"

"லாரி அடிச்சிச் செத்தாருன்னு சொல்லி வளக்கேன். அவனுக்கு இது தெரியவே கூடாதுக்கா. தெரிஞ்சா யாருன்னு கேப்பான். யாருன்னு தெரிஞ்சா..."

என் பிள்ளைகள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். இருபது வருஷம் காப்பாற்றினேன். என் வாய்க்கு அது உலக சாதனை.

டீ குடிக்கப் போன நேரம்

பனியன்களை எடுத்துப்போக தினேஷ் வந்த அன்றைக்கு, பாலா ஆசைப்பட்டான் என்று அந்தச் சட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பாகில் சாயம் கலந்து பூசி, காயவைத்து, இருபது வருஷப் பழசாகத் தெரிய டீ டிகாஷன் தெளித்து, அழகாகத்தான் செய்திருந்தான். பாலா அதோடு நாலு செல்பி எடுத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். போகிற போக்கில் தினேஷ் சட்டையை வைக்க இடம் பார்த்தான். டேபிள் முழுக்க பீஸ். பக்கத்தில் காலியாக ஒரு கூடை இருந்தது. போட்டுவிட்டுப் போய்விட்டான்.

கூடை என்ன நிறம் என்று சொல்லவும் வேண்டுமா?

செல்வராணி பாத்ரூம் போய்விட்டு வந்தவள், கூடையில் கிடந்ததை எடுத்துப் பிரித்தாள். அவள் முகத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பச்சைத் தண்ணீர், உப்பு, கறை எடுக்கிற ஸ்ப்ரே கன், எல்லாம் வரிசையாக நடந்தது. இஸ்திரி போடுகிற பப்லு வாங்கித் தேய்த்தான். இருபது நிமிஷம். டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு, படக் கதையை இன்னொரு தரம் பேசி முடித்து அவர்கள் திரும்பியபோது சட்டை கவருக்குள் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்தத் தகரப் பெட்டிக் காட்சி. பெரிய நடிகை மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினேஷின் போன் விடாமல் அடிக்கிறது.

என் வாய்

பாலாவுக்கு வந்ததே கோபம்! அதற்கு முன்னால் அவன் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தெற்கத்தி அம்மாவுக்குப் பிறந்தாலும் எங்கள் ஊர்ப் பேச்சில் வளர்ந்தவன். அம்மாவைக்கூட வாங்க போங்கதான். அன்றைக்குத் திட்டியதும் மரியாதையோடுதான் திட்டினான். அதனால்தான் இன்னும் உறைத்தது.

"ஏம்மா, கொஞ்சமாச்சும் ரோசன பண்ண மாட்டீங்களா? அது அந்தப் பையனோட அப்பன் ரத்தம்மா! கதையே அதுலதான் இருக்குது. அதப் போயித் தொவச்சுப்போட்டு நிக்கறீங்களே!"

"ரத்தம்னா எடுக்கத்தானல செய்யணும்" என்றாள் அவள், சின்னக் குரலில்.

"ஒரு பொம்பளைக்குப் புருசன் ரத்தத்தோட மதிப்புத் தெரிய வேண்டாமுங்களா?"

இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"நிறுத்துறா! உன்ற அப்பன் வெட்டுப்பட்ட சட்டையவே ரத்தம் போகத் தொவச்சவடா அவ! அவளுக்கு நீ மதிப்புச் சொல்லித் தாறியா?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாலா என்னைப் பார்த்தான். "லாரிதானுங்களே, பெரியம்மா?"

மூடவேண்டிய நேரத்தில் மூடாத வாய், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கவும் இல்லை.

"உள்ள வா ராசா, சொல்லுதேன்" என்று செல்வராணி அவனை நூல் வைக்கிற ரூமுக்குக் கூட்டிப்போனாள். நான் வாசலில் நின்றேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் இரண்டே கேள்விதான் கேட்டான்.

"வெட்டுனவன் பேரு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"அந்தச் சட்டை எங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பாலா என்னைத் தாண்டிப் போய் பைக்கை எடுத்தான். போன் செய்தால் சுவிட்ச் ஆப்.

பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஒரு பஸ் ஏறினால் போதும், மீதியைச் சொல்ல ஊரில் ஆளா இல்லை? "செல்வராணி, என்னைச் செருப்பால அடி" என்றேன். "விடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

தினேஷ் பாவம், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் சாயப் பாட்டிலைத் திறந்து சட்டையில் திரும்பவும் ரத்தம் வைக்க ஆரம்பித்திருந்தான். செல்வராணி அவன் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க அவ்வளவு வராது தம்பி. எல்லாம் கீழ எறங்கி வேட்டிக் கட்டுல வந்து தேங்கும். இந்தா, இந்த மட்டும்" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

தினேஷ் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். மறுபேச்சு இல்லாமல் அவள் காட்டிய இடத்தில் சாயத்தை ஊற்றினான். பப்லு இஸ்திரிப் பெட்டியை மேலே பிடித்து ஆவியில் காயவைத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக எங்கள் செக்கிங் டேபிளில் கறை வைத்து ஒரு பீஸை அனுப்பினோம்.

நீலக் கட்டம்

அவனை அனுப்பிய கையோடு நானும் செல்வராணியும் ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்கு ஓடினோம். ஒற்றை ரூம் லைன் வீடு. பைக் வாசலில் நின்றதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. பீரோ, பரண், கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸ், அரிசி டப்பா வரைக்கும் கவிழ்த்துப் போட்டிருந்தான். நடுவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பிறப்புச் சான்றிதழும், மாற்றுத் துணி அடைத்த ஒரு பையும்.

"சட்டை எங்கம்மா?"

செல்வராணி சுவரைக் காட்டினாள்.

அங்கே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பால்வாடியில் சேர்க்கும்போது ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் பெயின்ட் அருவி. முன்னால் ஸ்டூல் மேல் பாலா, வாய் நிறையச் சிரிப்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை.

"அதுதாம்ல. உனக்குச் சின்னதாப் பிடிச்சுத் தச்சேன். யக்கா கம்பெனிலதான், சாப்பாட்டு நேரத்துல."

கம்பெனி நூல்! உன் அப்பன் வீட்டு நூலா என்று கேட்டேனே, பாவி!

பாலா போட்டோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "இந்தச் சட்டை எனக்கு நெனப்பிருக்குதுங்க" என்றான். "இதைப் போட்டாத்தான் சாப்பிடுவேன்னு அழுவேனுங்களே?"

"ஆமா. மூணு வருசம் போட்ட. தோள்ல கிழிஞ்ச பொறவு அடுப்பு தொடச்சேன்."

"அடுப்பா?"

"பொறவு என்னல செய்ய? சட்டைன்னா போடணும், கிழிஞ்சாத் தொடைக்கணும். பூட்டி வச்சுப் பாக்கவா மனுசன் சட்டை வாங்கினாரு?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அந்த எதிராளி வீட்டுலயும் அவுக ஆள் வெட்டுப்பட்ட சட்டைய வச்சிருந்தாவ. அதக் காட்டித்தான் வெட்ட ஆள் அனுப்புனாவ. நானும் ஒண்ணு வச்சிருந்தா, நீ இன்னைக்கு எங்கல இருப்ப?"

அவன் அழுதான். நான் அவனைவிடச் சத்தமாக அழுதேன். செல்வராணி மட்டும் அழவில்லை. கீழே உட்கார்ந்து, இறைந்து கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். கம்பெனி மடிப்பு. கொஞ்ச நேரம் கழித்து பாலாவும் சேர்ந்து மடித்தான்.

பேரை அவன் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பையையும் சான்றிதழையும் எடுத்து வைக்கவும் இல்லை. மாதக்கணக்கில் அது கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. "யக்கா, அவன் மனசுல என்ன இருக்குன்னே தெரியலியே" என்று அவள் என்னிடம் கேட்காத நாள் இல்லை. எனக்கு மட்டும் தெரியுமா?

மூன்று டிக்கெட்

படம் வந்தது. "மூணு டிக்கெட் போட்டிருக்கேனுங்க பெரியம்மா. அம்மாவையும் கூட்டியாங்க" என்றான் பாலா. செல்வராணி மாட்டேன் என்றாள். அப்புறம், அவனைத் தனியாக அந்தப் படம் பார்க்க விடவும் பயந்து, வந்தாள்.

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டர். ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டம். எங்கள் நூறு பனியன்களும் திரையில் ஓடின, வெட்டின, விழுந்தன. தையல் பிரியாமல் நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வழக்கமாக நாற்காலி மேல் ஏறி நிற்கிற பாலா, அம்மாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் படத்தைவிட அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. தகரப் பெட்டி கிறீச்சென்று திறந்தது. பெரிய நடிகை சட்டையை எடுத்து விரித்தார். செல்வராணி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், இடுப்புக்கு நேரே, ரத்தம் திட்டாகத் தெரிந்தது. தியேட்டரே எழுந்து விசிலடித்தது. செல்வராணி என் கையை நெரித்துவிட்டாள்.

பாலா அம்மாவின் பக்கம் சாய்ந்தான்.

"ஏனுங்கம்மா, செக்கிங்ல விட்டுப்போட்டாங்க போல. கறை அப்படியே இருக்குது."

செல்வராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இருட்டிலும் அவள் கண்ணில் தண்ணீர் தெரிந்தது. பிறகு சிரித்தாள். இருபது வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு.

"சிவப்புக் கூடைல போடுல. நான் பாத்துக்கிடுதேன்."

திரையில் மகன் அரிவாளை எடுக்க எழுந்தான். இங்கே என் பக்கத்து மகனும் எழுந்தான்.

"பாப்கார்ன் வாங்கியாரட்டுங்களா, பெரியம்மா? உங்களுக்குக் காரமா, சாதாவா?"

காரம் என்றேன். மீதிப் படத்தை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்தோம். அவன் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் வெட்டு எல்லாம் முடிந்திருந்தது.